மீட்டரில் இல்லாத ஆறாவது சக்கரம்

பூச்சோங்கில் இரண்டு கடைவரிசைகளுக்குப் பின்னால் ஓடுகிற லோங்காங், அந்தச் சாக்கடைக் கால்வாய், நான் கட்டியது. பெருமழை பிடித்தால் அடுத்த தெருவில் சாக்கடைத் தண்ணீர் கடைக்குள் ஏறும், அந்த வரிசைகளில் ஏறாது. செந்தூலில் ஒரு கோயில் மதில் நான் எழுப்பியது. பக்கத்தில் கொண்டோ மாடி கட்ட வந்த லோரி ஒன்று பின்னால் வந்து அதில் இடித்தது. லோரியின் விளக்குதான் உடைந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியின் படிகள் அத்தனையும் நான் உடைத்துத் திரும்பப் போட்டவை. கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தின் கழிவறைகள் என் வேலை. மண்டபத்தைக் கட்டியவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது, ஆனால் வந்தவர்கள் முகம் சுளிக்காமல் போவது என்னால்தான். நான் குடியிருக்கும் வீடு, மகன் இன்று நடத்துகிற கம்பெனி, அதில் ஓடுகிற லோரிகள் எல்லாவற்றுக்கும் அடியில் என் முதுகு இருக்கிறது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவன், ஆங்கிலத்தில் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவன், சொந்தக்காரர் ஒருவர்கூடக் கை கொடுக்காதவன் செய்தது இவ்வளவும்.

இவற்றில் எதிலும் என் பெயர் இல்லை. லோங்காங்கில் போய் யார் பெயர் எழுதுவார்கள்? ஒரு காலத்தில் அது எனக்கு மனக்குறையாக இருந்தது. இப்போது அலுத்துவிட்டது. முழங்கால் வலிக்கிற வயதில் மனக்குறையையும் சேர்த்துத் தூக்க முடியவில்லை. நான் எழுத உட்கார்ந்தது ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளின் மீட்டரைப் பற்றி. அதை மட்டும் விட முடியவில்லை.

மகன் பூச்சோங்கில் புது ஆபீஸ் திறக்கிறான். திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். அதில் எனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். பழைய ஞாபகம் ஏதாவது சுருக்கமாக எழுதுங்கள் என்றான். சுருக்கமாகச் செய்ய எனக்கு வராது, அரைச் சுவர் கட்டி விட்டுப் போனவன் இல்லை நான்.

அந்த ஆபீஸின் முன்கூடத்தில் என் கப்சாயை ஒரு மேடை மேல் நிறுத்தப் போகிறான். கம்பெனி தொடங்கியது அதில்தான், அது உண்மை. முன்னால் ஒரு சிமெண்டு மூட்டை, பக்கத்தில் கட்டிய மண்வெட்டி, கைப்பிடியில் தொங்கும் பையில் கரணையும் சாப்பாடும், பின்சீட்டில் ஓர் ஆள். இப்படித்தான் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கும் செந்தூலுக்கும் பூச்சோங்குக்கும் நான் வேலைக்குப் போனேன். முதல் லோரி வாங்கிய பிறகு அதை வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் வைத்துத் துணி போட்டு மூடினேன். அத்தோடு அது நின்றுவிட்டது. நானும் அதன் பக்கம் போகவில்லை.

மகன் அதை வெளியே எடுத்துக் கிள்ளானில் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில் விட்டான். சாயம் அடித்து, சீட் தைத்து, துருப்பிடித்த இரும்பையெல்லாம் பளபளக்க வைத்திருந்தார்கள். என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என் வண்டி மாதிரி இல்லை, வண்டியின் கல்யாணப் போட்டோ மாதிரி இருந்தது.

பட்டறைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கெட்டிக்காரர், சுறுசுறுப்பானவர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். மீட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அங்கிள், வண்டி ரொம்ப ஓடவே இல்லையே. முப்பத்தேழாயிரம்தான் காட்டுது. வீட்டுக்குள்ளேயே வச்சு ஊதுபத்தி காட்டிக்கிட்டு இருந்தீங்களா?"

மகன் சிரித்தான். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பையன்கள் இதை ஒரே வருஷத்தில் ஓட்டிவிடுவார்கள் என்று வேறு சொன்னான். பிறகு கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். மேடைக்கு முன்னால் வைக்கப்போகும் பித்தளைத் தகடு. மூன்று மொழியில் எழுதியிருந்தது. தமிழில் இருந்ததை நானே படித்தேன்: நிறுவனரின் முதல் வாகனம், ஓடிய தூரம் முப்பத்தேழாயிரம் கிலோமீட்டர். அடியில் பட்டறையின் பெயர், புதுப்பித்தவர்கள் என்று.

ஒரு டயர் கிடந்தது, அதன் மேல் உட்கார்ந்தேன்.

அந்த வண்டி ஓடியது முப்பத்தேழாயிரம் இல்லை. ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரம். அந்தக் காலத்து மீட்டரில் தூரம் காட்ட ஐந்தே சக்கரம். ஐந்தும் ஒன்பதுக்கு வந்ததும் எல்லாம் சேர்ந்து ஒரு தடவை சுற்றிச் சைபராகிவிடும். என் வண்டியில் அப்படிச் சுற்றியது. நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் ஆறாவது சக்கரம் இல்லாததால் நான் ஓடிய லட்சத்தை அந்த மீட்டரால் சொல்ல முடியாது. நான்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கிழவன் அளக்கிறான் என்பார்கள்.

சொன்னேன். மகன், "சரிப்பா, சரிப்பா" என்றான். அந்தச் 'சரிப்பா' எனக்குத் தெரியும். டாக்டரிடம் போகும்போதும் அதைத்தான் சொல்வான். பட்டறைக்காரர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அதைவிடப் பெரிய செய்தியைச் சொன்னார். சாயம் அடித்த பிறகு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்களாம். மீட்டருக்குப் போகிற கேபிளின் உள்கம்பி பட்டென்று அறுந்ததாம். மீட்டர் ஊசியும் அசையவில்லை.

"பழைய மீட்டர் செத்துப்போச்சு அங்கிள். இதே மாதிரி புதுசு கிடைக்குது. மாத்திட்டா அழகா இருக்கும்."

புது மீட்டரில் என்ன காட்டும் என்று கேட்டேன். சைபர் என்றார்.

அதாவது லட்சம் ஏற்கெனவே போயாயிற்று. மிச்சம் இருக்கும் முப்பத்தேழும் இனிக் குப்பைக்கூடைக்கு. திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் அந்தக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பார்கள். ஓடாத வண்டியில் ஒரு கம்பெனி தொடங்கியதாக நினைப்பார்கள். என் நடு வயது முழுவதும் அந்த ஐந்து சக்கரத்துக்குள்தான் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு அழகுக்கு ஒன்று மாட்டுகிறேன் என்கிறார்.

மீட்டரைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னேன், நானே சரிசெய்கிறேன் என்று. மகன் நேரமாகிறது என்றான். பட்டறைக்காரர் சமாதானமாக இன்னொரு வழி சொன்னார்.

"அங்கிள், உங்களுக்கு நம்பர்தானே வேணும்? மீட்டரைத் திறந்தா சக்கரத்தைக் கையாலயே திருப்பலாம். தொண்ணூறாயிரம் வைக்கட்டா? எவ்வளவு வேணும், சொல்லுங்க."

"தம்பி, நான் ஓடாத தூரம் எனக்கு வேணாம். ஓடுனதை யாரும் எடுக்கவும் வேணாம்," என்றேன். அவர் மீட்டரைக் கழற்றிப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அறுந்த கேபிளையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வழியெல்லாம் வண்டி நெரிசல். மகன் காரில் யாருடனோ கைப்பேசியில் பேசிக்கொண்டே வந்தான். நான் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் ஒரு களைப்பு. சண்டை போட்டு ஜெயித்த களைப்புகூட இல்லை, சண்டையே போட விடாமல் தட்டிக்கொடுத்து அனுப்பப்பட்ட களைப்பு.

மறுநாள் காலைப் பசியாறிவிட்டுச் சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்தேன். எனக்கு மீட்டர் வேலை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எதையும் எனக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. ஒன்று நின்றுவிட்டால் அதற்கு முன்னால் எது நின்றது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் படிப்பு. அறுந்த உள்கம்பியைப் பார்த்தேன். அது தேய்ந்து அறுந்ததில்லை, முறுக்கி அறுந்தது. சக்கரம் கீழே சுற்றியிருக்கிறது, மேலே மீட்டர் சுற்ற மறுத்திருக்கிறது, நடுவில் இருந்த கம்பி பாவம் என்ன செய்யும்? கம்பியின் சதுர நுனியை மீட்டரின் அடித்துளையில் சொருகி விரலால் திருப்பினேன். இம்மி அசையவில்லை. மீட்டர் சாகவில்லை, இறுகிப்போயிருந்தது. கேபிளை மட்டும் மாற்றியிருந்தால் புதுக் கேபிளும் அறுந்திருக்கும். இதை அந்தப் பட்டறையில் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

மீட்டரைத் திறப்பதுதான் கஷ்டம். கண்ணாடியைப் பிடித்திருக்கும் வெள்ளி வளையத்தை ஓரத்தில் மடித்து அமுக்கியிருப்பார்கள். அந்த மடிப்பைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்த வேண்டும். ஒரே இடத்தில் நெம்பினால் வளையம் கிழிந்துவிடும், கண்ணாடியும் போய்விடும். சுற்றிச் சுற்றி வந்தேன். கை நடுங்குகிறது இப்போதெல்லாம். சிமெண்டு பூசும்போது நடுங்காத கை. நடுவில் நிறுத்தித் தேநீர் குடித்தேன், கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், மறுபடியும் நெம்பினேன். மனைவி நான் எடுத்து வைத்திருந்த மண்ணெண்ணெயின் வாடை பிடிக்கவில்லை என்று சாம்பார்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்க அடுப்புக்குப் போனாள்.

வளையம் கழன்று வந்தபோது அதன் மடிப்புக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். வாசனை எல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் தெரிந்தது, சந்தனம்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள்.

"இது அந்த ரெண்டாவது பூஜை சந்தனம்ங்க. ஐயர் உங்களைப் பைத்தியம்னு நெனைச்சாரே, அது."

அவளுக்கு ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் கேட்டதும் இல்லை.

நடந்தது இதுதான். பிரிக்பீல்ட்ஸ் படிக்கட்டு வேலை முடிகிற சமயம். அவளும் அன்று பின்சீட்டில் இருந்தாள், சேலை எடுக்க வந்திருந்தாள். கிள்ளானுக்குத் திரும்பும்போது பெரிய சாலையின் மோட்டார் சைக்கிள் பாதையில் மீட்டரைப் பார்த்தேன், ஒன்பது ஒன்பதாக வரிசை கட்டி நின்றது. எனக்குக் குஷி. ஒரு லட்சம் வரப்போகிறது. என் வாழ்க்கையில் லட்சம் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை, அப்போது பாங்கிலும் இல்லை, கையிலும் இல்லை. வண்டியை மெதுவாக்கினேன். ஏன் ஊர்கிறீர்கள் என்று அவள் முதுகில் குத்தினாள். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். கடைசிச் சக்கரம் நகர்ந்தது, அதோடு எல்லாம் சேர்ந்து நகர்ந்தன, எல்லாம் சைபர்.

ஆறாவது சக்கரம் இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். அவ்வளவு வெயிலும் மழையும் சிமெண்டுத் தூசியும் எங்கே போயின என்று தெரியவில்லை. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அவள்தான் இறங்கிவந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, "அப்ப வண்டி புதுசாயிடுச்சு, விடுங்க," என்றாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். புது வண்டி என்றால் நம் ஆட்கள் என்ன செய்வோம்? கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தானே சாலையில் இறக்குவோம். கிள்ளானில் நாங்கள் போகும் கோயிலுக்கு நேரே விட்டேன். மாலையும் பழமும் வாங்கிக்கொண்டு போய் ஐயரிடம் புது வண்டிப் பூஜை என்றேன். அவர் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். மட்கார்டில் சிமெண்டு அப்பியிருந்தது, சீட் கிழிந்திருந்தது.

"போன வெள்ளிக்கிழமைகூட இதுலதானேப்பா வந்தே?"

"மீட்டரைப் பாருங்க சாமி."

குனிந்து பார்த்தார். என்னையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு சந்தனத்தைக் குழைத்து அந்த மீட்டரின் மேல் பெரிதாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார். நான் வண்டியை முன்னால் உருட்டியபோது எலுமிச்சம்பழம் தெறித்து என் மனைவியின் புதுச் சேலைப் பையில் பட்டது. அது இன்றைக்கும் அவளுக்கு வருத்தம்.

அதே சந்தனம்தான் வளையத்துக்குள் இருந்தது என்று நான் கோர்ட்டில் சத்தியம் செய்ய மாட்டேன். ஆயுத பூஜைக்கும் வைத்திருப்போம். ஆனால் அவளுக்கு ஞாபகம் வந்தது அதைப் பார்த்துத்தான். எனக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

மிச்ச வேலையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். உள்ளே எல்லாம் நன்றாகவே இருந்தது. கம்பி சொருகும் தண்டில் பழைய கிரீஸ் அரக்கு மாதிரி இறுகியிருந்தது, குற்றம் அவ்வளவுதான். பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு ஊறவைத்தேன். ஊசிக்கு அடியில் தலைமுடி போலச் சுருண்ட ஒரு வில் இருக்கிறது, அதன் பக்கமே போகவில்லை. அது வளைந்தால் ஊசி ஆயுசுக்கும் பொய் சொல்லும். சாப்பாட்டுக்குப் பிறகு திருப்பிப் பார்த்தேன், தண்டு நெறுநெறுவென்று அசைந்தது. கறுப்பாகக் கரைந்ததைத் துடைத்து எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். விரலிலேயே சுற்றியது, வெண்ணெய் மாதிரி.

ட்ரில் மெஷினில் அறுந்த கம்பியின் துண்டைப் பிடித்துச் சுற்றிவிட்டால் ஊசி ஏறுகிறதா என்று பார்க்கலாம். பார்த்தேன், ஏறியது. உடனே நிறுத்திவிட்டேன். ட்ரில் சுற்றினால் தூரமும் சேர்ந்து ஏறும், அது நான் ஓடிய தூரம் இல்லை. கடைசிச் சக்கரம் கொஞ்சம் நகர்ந்திருந்தது, அதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்து வளையத்தை மாட்டி மடிப்பை அமுக்கினேன். சந்தனத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் பட்டறைக்குப் போனோம். புதுக் கேபிள் போட்டு மீட்டரை மாட்டினார்கள். மகன் ஓட்டிப் பார்க்கிறேன் என்றான். நான் விடவில்லை. காலைத் தூக்கிப் போடுவதற்குள் முழங்கால் கத்தியது, பட்டறைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தெருக்கோடிவரைக்கும் போய் வந்தேன். ஊசி முதலில் கொஞ்சம் ஆடியது, அப்புறம் நிதானமாக ஏறி முப்பதில் நின்றது. அதற்கு மேல் நானும் விடவில்லை, வண்டியும் கேட்கவில்லை. திரும்பி வந்து இறங்கினேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. வேலை முடிந்தது என்று மட்டும் இருந்தது.

பட்டறைக்காரர் ஊசியைப் பார்த்துவிட்டு, "அங்கிள், வேலைக்கு வந்துருங்க," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தகட்டில் என்ன போட வேண்டும் என்று அவரிடம் நான் பேசவில்லை, அது மகனிடம் பேச வேண்டியது.

அன்று சாப்பிடும்போது பேசினேன். தகட்டில் ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரம் என்று போடு என்றேன். மீட்டரில் ஒன்று, தகட்டில் ஒன்று இருந்தால் பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள் என்றான். மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னாள், ஒன்பதுகளையும் ஐயரையும் எலுமிச்சம்பழத்தையும். அவன் கையை நிறுத்திக் கேட்டான். தன் அம்மா சொன்னதால் நம்பினான். நான் சொன்னபோது நம்பியிருக்கலாம்.

"நெஜமாவாப்பா? ஏன் இத்தனை வருஷமா சொல்லல?"

"யார் கேட்டா?"

அவள் விடவில்லை. "பின்சீட்ல நானும்தான் உக்காந்திருந்தேன். எனக்கு எத்தனை கிலோமீட்டர் போடுவான் உங்க மகன்?" என்றாள். அவள் கணக்கை அவள் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும், எனக்கு என்னுடையதற்கே தொண்டை வறண்டுவிட்டது.

கடைசியில் மகன் சொன்னது, தகடு அடிக்கக் கொடுத்தாகிவிட்டது, இதையெல்லாம் மலரில் எழுதுங்கள், படிக்கிறவர்கள் தெரிந்துகொள்வார்கள் என்று. அதனால்தான் எழுதினேன். ஆனால் மலரை வாங்குகிறவர்கள் தங்கள் போட்டோ இருக்கும் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிவைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தகடுதான் நிற்கும்.

ஆகவே மகனுக்கு, இந்த மலரை எடுத்துப் பார்க்கும் எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன். லோங்காங்கில் பெயர் கேட்கவில்லை. மதிலில் கேட்கவில்லை. அந்தப் படிக்கட்டில் ஏறுகிறவர்கள் என்னை நினைக்க வேண்டாம். தகட்டைத் திரும்ப அடி. முப்பத்தேழுக்கு முன்னால் அந்த ஒன்றைப் போடு. மீட்டருக்குள் இடமில்லை, தகட்டில் நிறைய இடம் இருக்கிறது. பட்டறையின் பெயரை எடுக்கச் சொல்லவில்லை, சாயம் அவர்கள் அடித்ததுதான். அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்: மீட்டரைச் சரிசெய்தவர், வண்டியை ஓட்டியவர்.

அது இல்லாமல் ரிப்பன் வெட்ட என்னைக் கூப்பிடாதே.